பாட்டிலில் தங்கிய சோப்பு

நீங்கள் சேர்ந்திருக்கும் ஆய்வகத்தைப் போன மாதம் வந்து பார்த்தேன். கருவிகள் நன்றாக இருக்கின்றன. எங்கள் காலத்தில் ஒரு நாள் முழுக்கச் செய்த அளவை இப்போது ஒரு பெட்டி செய்து காகிதத்தில் அடித்துத் தருகிறது. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு பெற்று வந்துவிட்டவன் நான். அளக்கும் முறைகள் புத்தகத்தில் இருக்கின்றன. அளந்த எண் கைக்கு வந்த பிறகு அதை யார் நம்புவது, யார் அதற்குப் பொறுப்பேற்பது, அது யாரைப் போய் அடிக்கும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வரிசை தவறாமல் சொல்கிறேன். தினமும் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் எது முன், எது பின் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

எழுபதுகளின் கடைசி. எண்ணெய்க் கிணறுகளை நடத்தும் ஒரு நிறுவனத்திடமிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரு திட்டம் வந்திருந்தது. ஒரு பழைய வயலில் எண்ணெய் தானாக வருவது நின்றுபோய், தண்ணீரைச் செலுத்தித் தள்ளியும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பாறையின் நுண்துளைகளில் கணிசமான எண்ணெய் சிக்கிக் கிடந்தது. சர்ஃபாக்டன்ட் என்னும் சோப்பு இனச் சரக்கு, எண்ணெய், உப்புத் தண்ணீர், கொஞ்சம் ஆல்கஹால் இவற்றைச் சரியான விகிதத்தில் சேர்த்தால் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு திரவம் உண்டாகும். அதுதான் மைக்ரோ எமல்ஷன். அதைக் கிணற்றுக்குள் செலுத்தினால் சிக்கிய எண்ணெய் இளகி வெளியே வரும் என்பது திட்டம்.

ஆனால் பாறை சும்மா இருப்பதில்லை. மணல் துகளின் மேலும், அதைவிட அதிகமாக மணலுக்கு நடுவே அடைந்திருக்கும் களிமண்ணின் மேலும் சர்ஃபாக்டன்ட் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான், எண்ணெயைத் தேடிப் போகாது. இதைப் பரப்புக் கவர்தல் என்று எழுதுவோம். பேச்சில், "இந்தப் பாறை எவ்வளவு சோப்பு குடிக்கும்?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். கொஞ்சமாகக் குடித்தால் வயலில் பரீட்சை நடக்கும். நிறையக் குடித்தால் திட்டம் அத்தோடு முடிந்தது. அந்த ஓர் எண்ணைச் சொல்வதுதான் எங்கள் வேலை.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு பெண். மதுரைக்காரர். தில்லியில் கோல் மார்க்கெட் பக்கத்தில் பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை. மேடம் என்றே சொல்கிறேன். என் மேசையில் பிப்பெட்டுகள் நீள வரிசைப்படி இருப்பதைப் பார்த்து, "வெள்ளிக்கிழமையானா இதுக்கெல்லாம் பொட்டு வைப்பீங்களோ?" என்று கேட்பார். கேலி செய்வாரே தவிர, எண் வேண்டும் என்றால் என் மேசைக்குத்தான் வருவார்.

இன்னொருவர் ஏழுமலை. விழுப்புரம் பக்கத்து ஆள். ஆர்.கே.புரம் ஓரத்தில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த ஜுக்கிக் குடிசைகளில் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவி அங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். ஏழுமலைக்கு எங்களிடம் மஸ்டர் ரோலில் வேலை. அதாவது தினக்கூலி, திட்டம் இருக்கும்வரை பெயர் இருக்கும். அடுத்த கட்டத்துக்கும் திட்டம் நீண்டால் மஸ்டர் ரோல் ஆட்களை நிரந்தரமாக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. நிரந்தரமானால் டிஸ்பென்சரி உண்டு, சம்பளத்தோடு விடுப்பு உண்டு, மனைவி நான்கு வீடுகளில் இரண்டை விட்டுவிடலாம். அவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று ஆண்டுகளாகக் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தார்.

கழுவுவது க்ரோமிக் ஆசிட்டில். உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். செம்மஞ்சள் நிறம், கண்ணாடியில் எது ஒட்டியிருந்தாலும் எரித்துவிடும், தோலையும் சேர்த்து. ஜன்னல் சரியாகத் திறக்காத ஒரு பின்னறையில் தொட்டியில் அதைச் சூடாக வைத்துப் பாட்டில்களை முக்கி எடுப்பார். ரப்பர் கையுறை கேட்டு எழுதினால் வர மாதக்கணக்காகும், வந்தது ஒரு வாரத்தில் கிழியும்.

ஒரு மார்ச் மாதக் காலையில் தட்டு நிறையப் பாட்டில்களை என் மேசையில் வைத்துவிட்டு அவர் திரும்பியபோது மேடம் பக்கத்தில் இருந்தார்.

"ஏழுமலை, கையைக் காட்டு."

அவர் காட்டவில்லை. வேட்டியில் துடைப்பதுபோலக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். மேடம் மறுபடியும் கேட்டதும் நீட்டினார். விரல் கணுக்களிலும் நகத்தின் ஓரங்களிலும் ஆணி அடித்துப் பிடுங்கியதுபோல வட்டக் குழிகள். சிலவற்றின் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது.

"இது என்ன?"

"எலி கடிச்சதுன்னு எங்க வூட்ல சொல்லி வெச்சிருக்கேன். அது நம்பல. நம்ம ஜுக்கியில எலி எதைத் தின்னு உசிரோட இருக்கும்னு கேக்குது."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பேசும்போது மூக்கில் ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்கும். சளி என்று நினைத்திருந்தோம். மேடம் அன்றே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆசிட் ஆவி மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துவிட்டது என்றார் டாக்டர். இரு துவாரங்களுக்கும் நடுவே வழி.

மறுநாள் க்ரோமிக் ஆசிட் நிறுத்தப்பட்டது. வெந்நீரும் துணி துவைக்கும் பவுடரும் போதும் என்று மேடம் சொன்னார். வாயால் சொன்ன உத்தரவுதான். ஆனால் கவனமில்லாமல் சொல்லவில்லை. பவுடரும் ஒரு சர்ஃபாக்டன்ட்தான், நாங்கள் அளக்கும் சரக்கும் அந்த இனம்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பவுடரில் கழுவிய பாட்டில்களில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதை அளந்து பார்க்கச் சொன்னார். அளந்தேன். பூஜ்யம் வந்தது. அலசலில் பவுடர் முழுக்கப் போய்விடுகிறது என்று திருப்தியடைந்து வேலையைத் தொடர்ந்தோம்.

இங்கே அளக்கும் விதத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய வேண்டும். பாறைத்தூளைச் சிறு பாட்டிலில் போட்டு, அளவு தெரிந்த சர்ஃபாக்டன்ட் கரைசலை ஊற்றிக் குலுக்கி வைப்போம். தூள் படிந்த பிறகு மேலே நிற்கும் தெளிவை வேறொரு பாட்டிலுக்கு மாற்றி அதில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். குறைந்தது எவ்வளவோ அது பாறை குடித்தது. மிச்சத்தைப் பார்க்க ஒரு நீலச் சாயமும் க்ளோரோஃபார்மும் சேர்ப்போம். க்ளோரோஃபார்ம் அடியில் நிற்கும். சோப்பு இருந்தால் நீலம் மேலிருந்து அடிக்கு இறங்கும். இல்லையென்றால் அடி தெளிவாகவே இருக்கும். அந்தச் சாயத்துக்குக் கிணற்றுக்கான சரக்கு, வீட்டில் துணி துவைக்கும் பவுடர் என்ற பேதம் தெரியாது.

மே மாதம் வந்தது. தில்லியில் மே மாதத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பகல் பன்னிரண்டுக்கு மேல் எங்கள் கட்டடத்துக் குழாய்களில் ஒன்றும் வராது. நாங்கள் மே, ஜூன் இரண்டு மாதமும் அளவெடுத்தோம். எண்கள் அழகாக வந்தன. ஒரே பாறைத்தூளை மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. இந்தப் பாறை மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கிறது என்று அறிக்கை போயிற்று. நிறுவனத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். துணை இயக்குநர் எங்கள் அறைக்கே வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

ஒரே தவறு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நடந்தால் அது துல்லியம்போலவே தோன்றும். இதை நான் இப்போது எழுதுவது சுலபம்.

ஆகஸ்டில், தூளை விட்டுவிட்டு முழுப் பாறைத் துண்டின் வழியே மைக்ரோ எமல்ஷனைச் செலுத்திப் பார்த்தோம். எங்கள் எண் சரியென்றால் மறுமுனையில் சீக்கிரமே சோப்பு வெளிவர வேண்டும். சொட்டுச் சொட்டாக வெறும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. அதைப் புதிதாக வாங்கிய சோதனைக் குழாய்களில் பிடித்துச் சாயத்தைச் சேர்த்தால் அடி தெளிவாகவே நின்றது. மறுநாளும் அப்படியே. பம்ப் சரியில்லை என்றார் ஒருவர். துண்டில் கூடுதல் களிமண் இருக்கும் என்றார் இன்னொருவர். துண்டை மாற்றினோம். அதே கதை.

"பாறையைத் திட்டுறது இருக்கட்டும். முதல்ல நம்ம பாட்டிலைப் பார்ப்போம்" என்றார் மேடம்.

அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில் ஒன்றை எடுத்தார். உப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். சாயம், க்ளோரோஃபார்ம். மூடிக் குலுக்கி மேசைமேல் வைத்தார். இரண்டு அடுக்காகப் பிரியச் சற்று நேரமாகும். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அடி அடுக்கு மெதுவாக நீலமாயிற்று. சோப்பே போடாத பாட்டிலில் நீலம். இன்னொன்றை எடுத்தார், அடுத்த தட்டிலிருந்து இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே அளவு நீலம்.

பாறை குடித்துவிட்ட சோப்பின் இடத்தைப் பாட்டிலில் தங்கிய பவுடர் நிரப்பியிருந்தது. மிச்சம் அதிகமாகத் தெரிந்ததால் பாறை குடித்தது குறைவாகத் தெரிந்தது. மார்ச்சில் பூஜ்யம் பார்த்த பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. முறை மாறவில்லையே, ஏன் பார்க்க வேண்டும்? முறை மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருந்தது.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை.

"தண்ணி எங்கம்மா வருது? பைப்பைத் தொறந்தா காத்துதான். காலைல ரெண்டு பக்கெட் புடிச்சி வெச்சி, அதுலயே எல்லாத்தையும் முக்கி எடுத்தேன். நொரை தெரியல. போதும்னு நெனச்சேன்." பிறகு கேட்டார்: "தப்பாயிடுச்சா?"

மேடம், "உன் தப்பு இல்லை, போ" என்றார்.

அறிக்கை ஏற்கெனவே போயாகிவிட்டது. நிறுவனத்தின் பொறியாளர்கள் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. மேடம் நேராகத் துணை இயக்குநர் அறைக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. துணை இயக்குநர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். டீ வரவழைத்தார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு இதைச் சிக்கல் இல்லாமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது என்றார். தினக்கூலி ஆள் ஒருவர் பாட்டில்களைச் சரியாக அலசவில்லை, அதனால் அளவுகள் பழுதாயின, ஆளை நீக்கிவிட்டோம், மறுபடி அளந்து தருகிறோம். இரண்டு வரி. இதில் பொய் எதுவும் இல்லை, அவனே ஒப்புக்கொண்டதுதானே என்றார். மேடத்துக்கு அந்த ஆண்டு பதவி உயர்வு வரவிருந்தது, அதையும் அக்கறையாகவே நினைவுபடுத்தினார். கூடவே, "உஸ்கா க்யா ஹை, கஹீன் ஔர் லக் ஜாயேகா" என்றார். அவனுக்கென்ன, வேறெங்காவது ஒட்டிக்கொள்வான்.

மேடம் யோசித்துச் சொல்வதாக எழுந்துவிட்டார். வராந்தாவில் நடக்கும்போது நான் ஒரு நடுவழி சொன்னேன். யார் பெயரும் வேண்டாம், கண்ணாடிச் சாமான் சுத்தம் செய்ததில் குறை கண்டுபிடிக்கப்பட்டது என்று மட்டும் எழுதலாமே என்றேன்.

"பேர் போடாத தப்பு எங்க போய் உட்காரும்னு நினைக்கிறீங்க? கீழ இருக்கிறவன் தலையிலதான்."

"அவர் அலசலைங்கறது உண்மைதானே, மேடம்."

அவர் நின்றுவிட்டார். "அவன் சரியா அலசலைங்கறது உண்மை. அலசத் தண்ணி இல்லைங்கறதும் உண்மை. எத்தனை தடவை அலசணும், ஏன் அலசணும்னு நான் அவன்கிட்ட சொல்லவே இல்லைங்கறதும் உண்மை. மூணுல ஒண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தா, அது பொய்யில்லாம வேற என்ன?"

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த வாக்கியங்களில் இதை நான் முதலில் வைப்பேன். உங்கள் அறிக்கைகளில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் முழு அறிக்கை பொய்யாக இருக்க முடியும். எதை விட்டீர்கள் என்பதை உங்களைத் தவிர யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மேடம் எழுந்து அந்த மூன்று உண்மைகளையும் சொன்னார். அதற்கு மேல், ஆசிட்டை நிறுத்தியது தாம், மாற்று முறைக்கு உத்தரவிட்டது தாம், தண்ணீர் குறைந்தபோது மறுபடி சோதிக்காமல் விட்டதும் தாம் என்றார். ஏன் ஆசிட்டை நிறுத்தினார் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் சிலர் காகிதங்களைப் புரட்டினார்கள். நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சரியான எண் எப்போது கிடைக்கும்?

பாட்டில்களை மெத்தனாலிலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் திரும்பத் திரும்ப அலசி, ஒவ்வொரு தட்டுக்கும் பூஜ்யம் பார்த்துவிட்டு அளக்கலாம், ஆனால் குளிர்காலம் ஆகிவிடும் என்றார் மேடம். மெத்தனாலுக்கு அனுமதி வாங்க வேண்டும், காய்ச்சி வடிக்கும் கருவிக்கே குழாய்த் தண்ணீர் வேண்டும். பொறியாளர் அக்டோபருக்குள் வேண்டும் என்றார். அடுத்த கட்டம் உண்டா இல்லையா என்று அவர்கள் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். துணை இயக்குநர், தருகிறோம் என்றார்.

அந்த வாரமே மேடம் ஆவணப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். தண்டனை என்று எங்கும் எழுதப்படவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். பதவி உயர்வு அந்த ஆண்டும் வரவில்லை, அதற்கடுத்தும் வரவில்லை. பிரிவைத் துணை இயக்குநரே நேராகப் பார்த்துக்கொண்டார். அவர் போட்ட முதல் உத்தரவு க்ரோமிக் ஆசிட்டைத் திரும்பக் கொண்டுவருவது. ஆசிட்டில் முக்கியெடுத்த பாட்டிலைக் கொஞ்சம் தண்ணீரில் அலசினாலே போதும், சோப்பு எதுவும் மிஞ்சாது. இருக்கிற நேரத்தில் அதுதான் நிச்சயமான வழி என்பதை என்னாலும் மறுக்க முடியவில்லை.

நிரந்தர ஊழியர்கள் அந்தத் தொட்டியைத் தொட மறுத்துவிட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஏழுமலையிடம், செய்கிறாயா, இல்லை வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார்கள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கேள்விப்பட்டு மேடம் நூலகத்திலிருந்து இறங்கி வந்தார். பின்னறை வாசலில் நின்றபடி பேசினார். நான் உள்ளே பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏழுமலை, இதைச் செய்யாதே. நான் வேற இடத்துல சொல்லிப் பார்க்கிறேன்."

"எங்கம்மா சொல்லுவீங்க? உங்களையே மேல ஏத்தி வெச்சிட்டாங்க."

"கை என்னத்துக்கு ஆகும்? மூக்கு ஏற்கெனவே போச்சு."

"போனது போச்சு, அதுக்கு மேல அங்க ஓட்டை போட எடமில்லம்மா." சிரித்தார். அந்த விசில் சத்தமும் கூடவே வந்தது. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கைக்கு மருந்து போட்டுக்கலாம். மஸ்டர்ல பேர் போச்சுன்னா எதுக்கு மருந்து போடறது? இந்த ஒரு தடவை நல்லபடியா முடிஞ்சா திட்டத்துல அடுத்த பேஸ் வரும்னு சொல்றாங்க. பர்மனென்ட் ஆயிட்டா நானே தொட மாட்டேன், சங்கத்துல சேர்ந்துடுவேன்."

மேடம் வாசலிலிருந்தே அந்த மூடிய ஜன்னலைப் பார்த்தார். போகும்போது என்னிடம், ஜன்னலை உடைத்தாவது திறந்து வைக்கச் சொன்னார். கீலைக் கழற்றித் திறந்து வைத்தேன். நல்ல கனமான கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தேன். அதைப் போட்டால் பாட்டில் வழுக்குகிறது, உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்தார்.

செப்டம்பர் முழுவதும் அளந்தேன். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து முதலில் பூஜ்யம் பார்ப்பேன். அடி அடுக்கு ஒருமுறைகூட நீலமாகவில்லை. அப்படிச் சுத்தமான கண்ணாடியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எண்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. பாறை குடிக்கும் சோப்பு, நாங்கள் முதல் அறிக்கையில் எழுதியதைவிட மிக மிக அதிகம். மறுமுனையில் சோப்பு வராததற்குப் பம்ப் காரணமில்லை. இந்த எண்ணைப் பார்த்த பிறகு அந்த வயலில் மைக்ரோ எமல்ஷனை யாரும் செலுத்த மாட்டார்கள். திட்டம் முடிந்தது. அடுத்த கட்டம் இல்லை. மஸ்டர் ரோல் இல்லை.

ஓர் எண்ணின் கீழே கோடு போடுமுன் நான் எழுந்து போனது அந்த ஒருமுறைதான். நூலகத்துக்குப் பின்னால் மேடம் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னேன்.

"பூஜ்யம் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு தட்டுக்கும்."

"துண்டுல வந்ததோட ஒத்துப்போகுதா?"

"ஒத்துப்போகுது."

"அப்புறம் ஏன் இங்க வந்து நிக்கிறீங்க? எழுதுங்க." கையிலிருந்த அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் வைத்திருந்தார். "அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆர்டர் வந்து தெரிய வேண்டாம்."

உங்களில் யாருக்காவது இந்த நிலை வரும். எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒருவருடைய அடுப்பு எரியும் என்ற நிலை. நகர்த்தியிருந்தால் எங்கோ ஒரு வயலில் பெரும் செலவில் அது தோற்றிருக்கும், அங்கேயும் மஸ்டர் ரோலில் ஆட்கள் இருந்திருப்பார்கள். இந்த நியாயம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் படி இறங்கி வரும்போது அது எனக்குப் பெரிதாக உதவவில்லை. உங்களுக்கும் உதவும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எழுதத்தான் வேண்டும், எழுதினேன். அவ்வளவுதான்.

மாலை நான்கு மணி இருக்கும். ஏழுமலை கடைசித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"எல்லாம் சரியா வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு."

"ஒண்ணுலயும் நீலம் இல்லியே?"

"ஒண்ணுலயும் இல்லை."

முகம் மலர்ந்தது. அடுத்த கட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பாறை நிறையச் சோப்பு குடிக்கிறது, அதனால் இதை இத்தோடு நிறுத்திவிடுவார்கள், அடுத்தது கிடையாது. அவர் தட்டிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"பாட்டில் சுத்தமாத்தானே சார் இருந்துச்சு?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு, ஏழுமலை. அதனாலதான் தெரிஞ்சுது."

அவர் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டினாரா என்று தெரியவில்லை. கோபப்படுவார், அழுவார், யாரையாவது திட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"தொட்டியில இன்னும் கொஞ்சம் பாட்டில் கெடக்குது சார்."

இனி அது தேவையில்லை, விட்டுவிடுங்கள் என்றேன்.

"அப்படியே வுட்டுட்டுப் போவக் கூடாது. ஆசிட்டுல கெடக்கறது தெரியாம நாளைக்கி எவனாவது கைய வுடுவான்."

பின்னறைக்குப் போனார். அன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அது ஓடும் சத்தம் கேட்டது.